‘நிறுத்திட்டாங்க’ என்று கடைக்காரர் சொன்னால்

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் செய்தியையும் நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். எட்டு மாதமாகப் போட்டுவந்த பரு ஜெல் கோவை காந்திபுரத்தில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை, ‘கம்பெனியே நிறுத்திட்டாங்க’ என்கிறார்கள், ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று ஒருவர் வேறொரு கிரீமைக் கொடுத்தார், நாலு நாளாகப் போடுகிறாய், முகம் பளிச்சென்று இருக்கிறது, இருந்தாலும் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது இந்த ஒரு டியூபோடு முடிகிற விஷயம் இல்லை. இனியும் உனக்கு நடக்கும், உன் தோழிகளுக்கும் நடக்கும். எடுத்துப் பார்க்கும்படி இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. அந்தப் புதுக் கிரீமை இன்று ராத்திரி போடாதே. நீ அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். டியூபின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் ஃபியூரோயேட் 0.1%. கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. இந்த மூன்றும் சேர்ந்த கலவை மங்குக்கு உரியது. அதையும் டாக்டர் பார்வையில், கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான் போட வேண்டும். உன் பருவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முகம் பளிச்சென்று ஆனது பரு ஆறியதால் வந்ததில்லை. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை மாதக்கணக்கில் போட்டவர்களை மருந்துக்கடைக் கவுண்டருக்குள் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். கன்னத்துத் தோல் மெலிந்து உள்ளே ஓடும் ரத்த நாளம் தெரியும். வெயில் பட்டால் எரியும். பூனை மயிர் அடர்த்தியாகும். பருவை அமுக்கிய மருந்தே பிறகு பருவைக் கிளப்பும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிந்து, அந்த டியூபையே திரும்பத் தேட வைக்கும். நீ போட்டது நாலு நாள்தான், அதனால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் உங்கள் விடுதியில் யாராவது இதை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போட்டுக்கொண்டிருந்தால் ‘உடனே நிறுத்து’ என்று நீ சொல்லாதே. தோல் டாக்டரிடம் கூட்டிப் போ. எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

2018இல் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டையும் ஆண்டிபயாட்டிக்கையும் பூஞ்சை மருந்தையும் ஒன்றாகக் குழைத்த கிரீம்கள் சிலவும் அதில் போயின. ஆனாலும் உனக்கு அந்த டியூபைக் கொடுக்கும்போது யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சீட்டில் எழுதிய பிராண்டை விட்டு வேறொன்றைக் கொடுக்கும் அதிகாரமும் நம் நாட்டுச் சட்டத்தில் கடைக்காரருக்கு இல்லை. நடப்பது வேறு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கடைக்காரருக்கு மனசு வராது. பக்கத்துத் தட்டில் இருப்பதை எடுத்து நீட்டுவார். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு மருந்து காணாமல் போகும்போது நோயாளிக்கு வரும் முதல் ஆபத்து, அந்த இடத்தில் வந்து உட்காருகிற மருந்துதான்.

சரி, ‘நிறுத்திட்டாங்க’ என்பதற்கு வருவோம். ஏஜென்சிக்காரர் பத்து நாள் சரக்கு அனுப்பாவிட்டாலும் கடையில் அந்த வார்த்தைதான். கம்பெனி லாபமில்லை என்று கைவிட்டாலும், அரசு தடை போட்டாலும், ஒரு பேட்ச் கெட்டுப்போய்த் திரும்ப எடுத்தாலும், அட்டையை மாற்றி வேறு பெயரில் விட்டாலும் அதே வார்த்தைதான். காரணம் ஒவ்வொன்றுக்கும் நீ செய்ய வேண்டியது வேறு. அதனால் ‘இல்லை’ என்றதும் ‘வேற என்ன இருக்கு?’ என்று கேட்காதே. ‘ஏன் இல்லை?’ என்று கேள். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

கம்பெனி கைவிட்டதற்குப் பெரிய உதாரணம் அக்யூட்டேன். ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்துக்கு ரோஷ் கம்பெனி வைத்த பெயர் அது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. முடிச்சு முடிச்சாகக் கிளம்பித் தழும்பு விட்டுப் போகிற, வேறு எதற்கும் அடங்காத பருவுக்கு அதற்கு ஈடான மருந்து இன்றுவரை வரவில்லை. 2002இல் காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகள் அதே மருந்தை வேறு வேறு பெயரில் விலை குறைத்து இறக்கின. 2009 ஜூனில் ரோஷ் அமெரிக்காவில் அக்யூட்டேனை நிறுத்தியது. அப்போது சந்தையில் அதன் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மாத்திரையால் குடல் அழற்சி நோய் வந்தது என்று குவிந்த வழக்குகளுக்கும் பணம் கரைந்துகொண்டிருந்தது. வியாபாரக் காரணம்தான், பாதுகாப்புக் காரணம் இல்லை என்று கம்பெனி சொன்னது. அந்த வழக்குகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்போடு தள்ளுபடியாயின. மருந்துதான் அந்த நோய்க்குக் காரணம் என்று சொல்ல வந்த நிபுணர்களின் சாட்சியம் அறிவியல்படி நிற்கவில்லை என்பதை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இப்போது, பாதிக் கோர்ஸில் இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார். அவளுக்குச் சந்தைப் பங்கும் தெரியாது, வழக்குச் செலவும் தெரியாது. ‘ஆபத்தான மருந்து என்று பிடுங்கிவிட்டார்களோ, இத்தனை மாதம் விஷத்தையா விழுங்கினேன்’ என்றுதான் தோன்றும். உண்மையில் அன்று போனது ஒரு பெயர் மட்டும். மருந்து வேறு பெயர்களில் அடுத்த தட்டிலேயே இருந்தது. அமெரிக்காவில் இன்றும் யாரைக் கேட்டாலும் ‘அக்யூட்டேன் எடுக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

இதிலிருந்து ‘எல்லாப் பிராண்டும் ஒன்றுதான்’ என்றும் முடிவு கட்டிவிடாதே. அமெரிக்காவுக்குப் போன அந்த மாற்று மருந்துகளில் ஒன்று நம் நாட்டு ரான்பாக்ஸியின் சோட்ரெட். 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்க நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் இழப்பீடுமாக 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தரம் தவறித் தயாரானவை என்று அந்த வழக்கில் சொல்லப்பட்ட மருந்துகளில் சோட்ரெட்டும் உண்டு. பெரும்பாலான மாற்று மருந்துகள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன; நானே ஆயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் பிராண்ட் மாறிய தேதியைக் குறித்து வைப்பதும், அதன் பிறகு உடம்பு என்ன சொல்கிறது என்று கவனிப்பதும் நம் வேலை. மாதத்துக்கு ஒரு பிராண்டாக மாறிக்கொண்டே இருந்தால் எதனால் என்ன ஆனது என்று டாக்டராலும் சொல்ல முடியாது.

உன் அறைத்தோழி ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கும் இதைக் காட்டு. அந்த மருந்து கொழுப்பில் கரைவது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவு, வெறும் வயிற்றில் சேர்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விடுதியில் காலை டிபனைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஓடினால் பாதி மருந்து வீண். வெறும் வயிற்றிலும் ஓரளவு சேரட்டும் என்றுதான் 2012இல் அமெரிக்காவில் அப்சோரிகா என்று வேறு விதமாகக் குழைத்த ஒன்று வந்தது. பிறகு அதையே இன்னும் நுண்ணிய துகளாக்கி அப்சோரிகா எல்.டி. என்று இறக்கினார்கள். இதில் 32 மில்லிகிராம் என்பது பழையதில் 40 மில்லிகிராமுக்குச் சமம். மருந்தும் ஒன்று, பெயரும் ஏறக்குறைய ஒன்று, எண் மட்டும் வேறு. ‘அதே அளவு கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கினால் கணக்குத் தப்பிவிடும்.

கணக்கு என்றால் இதுதான். எடையில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தமாக உள்ளே போக வேண்டும் என்பது பல தோல் டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. அவள் 50 கிலோ என்றால் 6,000 முதல் 7,500 மில்லிகிராம். தினம் 20 மில்லிகிராம் என்றால் 300 நாளுக்குக் குறையாது. 40 என்றால் அதில் பாதி. கடையில் ஒரு வாரம் ஸ்டாக் இல்லாவிட்டால் இதுவரை சாப்பிட்டது வீணாகிவிட்டது என்று அழ வேண்டாம். விட்ட நாட்களை எழுதி வைத்து டாக்டரிடம் காட்டினால் அங்கிருந்து அவர் தொடர்வார். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு மூன்று போடுவது மட்டும் கூடவே கூடாது. அப்புறம், வயிற்றில் குழந்தை இருக்கும்போது இந்த மாத்திரை உள்ளே போனால் குழந்தைக்குப் பெரிய ஊனங்கள் வரலாம். சாப்பிடுகிற காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் ஆகக் கூடாது. ‘என்கிட்ட மிச்சம் இருக்கு, நீ போட்டுக்கோ’ என்று அறைக்குள் கைமாறக் கூடாத மருந்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மருந்து இருந்தும் கைக்கு வராமல் போவது இன்னொரு கதை. கர்ப்ப ஆபத்துக்காக அமெரிக்காவில் 2006இல் ஐப்ளெட்ஜ் என்ற கட்டாயப் பதிவு முறை வந்தது. டாக்டர், நோயாளி, மருந்துக்கடை மூவரும் அதில் பதிய வேண்டும். கர்ப்பம் ஆகக் கூடியவர்கள் மாதாமாதம் பரிசோதனை செய்து, அதிலிருந்து ஏழு நாளுக்குள் மருந்தை வாங்கியாக வேண்டும். 2021 டிசம்பர் 13 அன்று அந்த முறையைப் புது இணையதளத்துக்கு மாற்றினார்கள். உள்ளே நுழைய முடியவில்லை, உதவி எண்ணில் ஆள் கிடைக்கவில்லை. கடை அலமாரியில் மாத்திரை இருந்தது, டாக்டர் எழுதியும் இருந்தார். ஏழு நாள் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேருக்கு நடுவில் மருந்து விட்டுப்போனது. அந்த ஏற்பாடு தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டைத் திறக்க முடியாமல் போனாலும் அடி விழுவது நோயாளியின் முகத்தில்தான் என்பதை அதை மாற்றியவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அரசே நிறுத்திய கதையும் உண்டு. டயேன்-35 என்ற ஹார்மோன் மாத்திரையை நீ கேள்விப்பட்டிருப்பாய். நம் ஊரில் பிசிஓடி இருக்கிற பெண்களுக்கு எழுதுவார்கள். பிரான்சில் அதற்கு அனுமதி பருவுக்கு மட்டும்தான். ஆனால் கருத்தடைக்கென்றே நிறையப் பேர் சாப்பிட்டார்கள். ரத்தக்கட்டியால் 25 ஆண்டுகளில் நேர்ந்த நான்கு மரணங்களை அந்த மாத்திரையோடு தொடர்புபடுத்தி, 2013 ஜனவரியில் அதை நிறுத்தப்போவதாகப் பிரெஞ்சு மருந்து ஆணையம் அறிவித்தது. ஐரோப்பிய மருந்து முகமை அதை மறுபடி ஆராய்ந்து, மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத பரு உள்ள பெண்களுக்கு, தக்க எச்சரிக்கையோடு கொடுத்தால் நன்மையே அதிகம் என்றது. 2014 ஜனவரியில் மாத்திரை பிரான்ஸ் கடைகளுக்குத் திரும்பியது. ஒரே மாத்திரை ஓராண்டுக்குள் ‘ஆபத்து’ என்று போய், ‘நிபந்தனையோடு சரி’ என்று வந்தது. நடுவில் இருந்த பெண்களின் நிலையை யோசி: நிறுத்தினால் பரு திரும்பும், கருத்தடையும் போகும், தொடர்ந்தால் பயம். இப்படி ஒரு செய்தி வந்தால் நடு அட்டையில் தானாக நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி உன் ஜெல்லுக்கு நேராக வருகிறேன். உன் முதல் படத்தில், பழைய டியூபின் பின்பக்கம், அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% என்று இருக்கிறது. இந்தப் பென்சாயில் பெராக்சைடைப் பற்றி நீ இணையத்தில் படித்துப் பயந்திருப்பாய். 2024 மார்ச்சில் வாலிஷர் என்ற அமெரிக்க ஆய்வகம், இது சூட்டில் சிதைந்து பென்சீன் உண்டாகிறது என்று அந்நாட்டு மருந்து நிர்வாகத்திடம் மனுப் போட்டது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள். நிர்வாகம் 95 பொருட்களைச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் கொஞ்சம். அளவு கூடியிருந்த சிலவற்றின் குறிப்பிட்ட சரக்குகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வைத்தார்கள். அவற்றைப் பல்லாண்டு தினமும் போட்டிருந்தாலும் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொன்னார்கள். ஆக, அங்கே திரும்பிப் போனது சில சரக்குகள்தான். பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உனக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சூடு. டியூபில் எத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறது என்று பார். விடுதி ஜன்னல் திட்டில், வெயில் விழுகிற இடத்தில் வைக்காதே. வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டு சுற்றாதே. காலாவதியான டியூபைக் கசக்கிப் பிழியாதே. இணையத்தில் யாரோ ‘பழைய ஸ்டாக் இருக்கு’ என்று விற்கிறார்கள், பத்து டியூப் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எந்தக் கிடங்கில், எந்தச் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

உன் ஜெல் போய்விட்டது என்று நினைக்கிறாய். போனது இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்ட ஒரு பிராண்ட். அந்த இரண்டு மருந்தும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. சேர்ந்ததே வேறு கம்பெனியிலும் கிடைக்கலாம். ‘ராத்திரி அடாபலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு என்று பிரித்துப் போடலாமா?’ என்று டாக்டரிடம் கேள். கடையில் 2.5 இல்லை, 5 தான் இருக்கு, 10 தான் இருக்கு என்றால், அதிகம் நல்லது என்று எடுத்துவிடாதே. பருவை ஆற்றுவதில் 2.5 சதவீதமே 10 சதவீதத்துக்கு ஈடு கொடுக்கும். கூட்டினால் கூடுவது எரிச்சலும் வறட்சியும்தான். அடாபலீனுக்குப் பதில் ட்ரெட்டினாயின் கொடுத்தால் அதையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒன்றாகக் குழைத்துப் பூசாதே. அடாபலீன் தாங்கும், சாதாரண ட்ரெட்டினாயின் ஜெல் அதோடு சேர்ந்தால் சிதைந்துவிடும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனிகள் ஒரு பெயர் ஓடிவிட்டால் அதன் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு மருந்தை விடும். வாலில் ‘சி’ என்றால் உள்ளே கிளிண்டாமைசின் சேர்ந்திருக்கலாம், ‘பிபி’ என்றால் பென்சாயில் பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். அட்டை நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, மருந்து வேறு. ‘அதேதான், புது பேக்கிங்’ என்று சொன்னால் திருப்பிப் பின்பக்கம் பார். அங்கேயும் எல்லாம் எழுதியிருக்காது. மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும், கீழே ‘ஜெல் பேஸ் க்யூ.எஸ்.’ என்று முடித்துவிடுவார்கள். அதாவது மீதி எல்லாம் தேவையான அளவு. அந்த மீதியில்தான் ஆல்கஹால், எண்ணெய்ப் பசை, வழுவழுப்புக்குப் போடுவது எல்லாம் அடங்கும். அதை மாற்றினால் உன்னிடம் சொல்ல யாரும் வரமாட்டார்கள். திறந்ததும் வாசனை வேறாக இருக்கிறதா, பூசினால் காய நேரம் ஆகிறதா, முன்பு இல்லாத எரிச்சல் வருகிறதா என்று உன் தோல்தான் சொல்லும். சொன்னால் நம்பு. கிறுக்குத்தனம் என்று நினைக்காதே. பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டு. மருந்தால் கெடுதல் வந்தால் புகார் செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நோயாளியே கூப்பிடலாம்.

இனி, எல்லோரும் ஏமாறுகிற இடம். பரு இன்றைக்கு நினைத்து இன்றைக்கே வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக உள்ளே தொடங்கி வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். அடாபலீன் வேலை செய்வது அந்த ஆரம்ப அடைப்பில். அதனால் ஜெல்லை நிறுத்திய மறுநாள் முகம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துக் கிளம்பும். அதற்குள் நீ வேறெதையோ போட ஆரம்பித்திருப்பாய். பழி அந்தப் புது மருந்துக்குப் போகும், இல்லாவிட்டால் விடுதிச் சாப்பாட்டுக்கு. நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவாய். எந்தப் பரு மருந்தையும் எடைபோட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதிலும் அடாபலீன் வகையில் முதல் சில வாரம் சற்றுக் கூடி, பிறகுதான் குறையும். இந்த ஒரு கணக்கு மனசில் இருந்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். நாலு நாளில் பளிச்சென்று ஆக்குகிற கிரீமைச் சந்தேகப்படவும் இதே கணக்குப் போதும்.

செலவாவது கொஞ்ச நேரம்தான், இதைச் செய்துவை. இப்போது போடும் ஒவ்வொரு மருந்துக்கும் டியூபின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து ஒரே இடத்தில் வை. மருந்தின் பெயர், சதவீதம், ஜெல்லா கிரீமா, கம்பெனி, பேட்ச் எண், தொடங்கிய தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது, ‘இது கிடைக்கவில்லை என்றால் எது?’ என்று கேட்டு அதையும் அதே சீட்டில் எழுதி வாங்கு. நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார். டியூபில் கால்பாகம் இருக்கும்போதே அடுத்ததைத் தேடு. ஒரு கடையில் இல்லை என்றால் ஏஜென்சியில் விசாரித்துச் சொல்லச் சொல். பாதி நேரம் பத்து நாளில் வந்துவிடும். வேறு மருந்து தருகிறேன் என்றால் இரண்டு டியூபையும் பக்கத்தில் வைத்துப் பின்பக்கம் வரிக்கு வரி ஒப்பிடு. பெயர் தெரியாத ஒன்று இருந்தால் வாங்காதே, எனக்குப் படம் அனுப்பு. முன்பு எழுதிக் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் ‘பரு பழையபடி வந்துவிட்டது’ என்று நீயாக வாங்கி விழுங்கிவிடாதே. கிருமிக்கு அது பழகிவிட்டால் அடுத்த தடவை பிடிக்காது.

‘ஒரு ஜெல்லுக்காக அழுகிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தாய். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் இருந்து, கல்யாண வீட்டுப் போட்டோவில் பின்வரிசை தேடி நின்று, எட்டு மாதத்தில் மெல்ல மெல்ல மீட்ட முகம் அது. கடைக்காரர்கள் சொல்வது சரி என்றால், அதை மீட்டுக் கொடுத்த பொருளை ஒரு கம்பெனி ஏதோ ஒரு கூட்டத்தில் முடிவு செய்து எடுத்துவிட்டது. உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றுதான் நீ தெரிந்துகொண்டாய். கோபம் வருவது நியாயம். ஆனால் உன் முகத்தை மீட்டதில் அந்தப் பிராண்டின் பங்கைவிட, ஒரு ராத்திரி விடாமல் பட்டாணி அளவு எடுத்துப் பூசிய உன் ஒழுங்குக்குப் பங்கு அதிகம். அதை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது.

நாளைக்குக் காலையில் வகுப்பு எப்படி என்று பார்த்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் உன் டாக்டரைப் பார். அவர் ஊரில் இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போட்டுப் போ. கூட்டம் இருக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் தோல் டாக்டர்கள். இரண்டு டியூபையும் கையில் கொண்டு போ, புதுக் கிரீமை நாலு நாள் போட்டதை மறைக்காதே. அதுவரை சோப்பு மாற்றாதே, கிள்ளாதே, எலுமிச்சை, பற்பசை என்று யார் என்ன சொன்னாலும் முகத்தில் தடவாதே. டாக்டர் எழுதியதும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. கோவையில் கிடைக்காததை நான் இங்கே விசாரித்துச் சொல்கிறேன். பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்கத் தயங்காமல் என்னிடம் கேள்.

அன்புடன்,
உன் அத்தை